மலவாயும் மஸ்ஜிதும்: பெருங்குடல் சத்திரசிகிச்சைக்குப் பின்னான தாதிமையின் வரலாறு, உன்னிச்சையிலிருந்து ஒரு பார்வை

உன்னிச்சை என்றதும் நம்மில் பலருக்குக் குளம்தான் ஞாபகத்துக்கு வரும். மட்டக்களப்பு நகரிலிருந்து வலையிறவுப் பாலத்தால் வாவியைக் கடந்து வவுணதீவு, ஆயித்தியமலை என்று மேற்கே போனால் அந்த ஊர் வரும். வயலும் மாடும் குளமும் சேர்ந்த படுவான்கரை மண். எழுவான்கரை முஸ்லிம்கள் பலருக்கு அங்கே காணி இருந்தது. குடியிருந்த குடும்பங்களும் உண்டு. யுத்த காலத்தில் அவர்கள் எழும்பி இந்தக் கரைக்கு வந்தார்கள்.

என் பெரிய மாமாவும் அப்படி வந்தவர்தான். யுத்தம் முடிந்து மறுபடி வயல் செய்யப் போன சில வருடங்களில் அவருக்கு மலத்தோடு இரத்தம் போகத் தொடங்கியது. மூலம் என்று நினைத்து ஒரு வருடமளவு நாட்டு மருந்து குடித்தார். கடைசியில் பெருங்குடலின் கீழ்ப்பகுதியில் புற்றுநோய் என்று கண்டுபிடித்து ஒப்பரேஷன் செய்தார்கள். கட்டி போயிற்று. ஆனால் இடது பக்க வயிற்றில் சிவப்பாக ஒரு வாயும், அதன் மேல் ஒட்டிய ஒரு பையும் வந்து சேர்ந்தன.

துண்டு வெட்டி அனுப்பிய அன்று அவருடைய கையில் இரண்டு பைகளைக் கொடுத்தார்கள். அதை எப்படிக் கழற்றுவது, எப்படிக் கழுவுவது, எதைச் சாப்பிடுவது என்று யாரும் உட்கார்ந்து சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த அன்றிரவு மாமா என்னைத் தனியே கூப்பிட்டுக் கேட்டார்: "மனே, இந்தப் பையோட நான் தொழலாமா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அவரும் வேறு யாரிடமும் கேட்கவில்லை. எட்டு மாதம் பள்ளிப்பக்கம் போகாமல் திண்ணையின் உள்மூலையில் இருந்தார். வயலைக் குத்தகைக்குக் கொடுத்தார். அவருடைய உயிரைக் காப்பாற்றிய வைத்தியம் அவருடைய கேள்வியை ஏன் காணாமல் போனது? இதைத் தேடிப் போனபோது எனக்குக் கிடைத்தவை இரண்டு வரலாறுகள். ஒன்று சத்திரவைத்தியரின் வரலாறு, மற்றது தாதியரின் வரலாறு. முதலாவது எப்போதும் முந்தியே வந்திருக்கிறது.

கத்தியின் வரலாறு

வெட்டுண்ட குடலைத் தைப்பது பழைய கலை. குர்துபாவுக்கு அருகே பிறந்து சுமார் ஆயிரம் வருடங்களுக்கு முன் வாழ்ந்த அபுல் காசிம் அல்-ஸஹ்ராவி தனது 'அத்-தஸ்ரீஃப்' எனும் 30 பாகங்கள் கொண்ட நூலின் கடைசிப் பாகத்தைச் சத்திரவைத்தியத்துக்கே ஒதுக்கினார். குடற்காயத்தின் விளிம்புகளைச் சேர்த்துப் பிடித்துப் பெரிய எறும்புகளைக் கடிக்கவிட்டு, பிறகு உடலைக் கிள்ளி எறிந்து தலையை மட்டும் தையலாக விடும் முறையை அவர் எழுதியிருக்கிறார். மிருகக் குடலிலிருந்து எடுக்கும் நூலைப் பற்றியும் எழுதியிருக்கிறார். இந்தியாவில் சுசுருதரின் மரபிலும் எறும்புத் தையல் உண்டு.

ஆனால் அடைபட்ட குடலுக்கு வயிற்றில் புதுவழி திறப்பது என்பது வேறு துணிச்சல். மலவாய் இல்லாமல் பிறந்து இறந்துபோன ஒரு சிசுவின் உடலைப் பார்த்த பிரெஞ்சு வைத்தியர் லித்ர், குடலை வயிற்றின் மேற்பரப்புக்குக் கொண்டுவந்து திறக்கலாம் என்று 1710இல் யோசனை சொன்னார். 1776இல் ரூவான் நகரத்தில் பில்லோர் என்பவர் புற்றுநோயால் குடல் அடைபட்ட ஒரு வைன் வியாபாரிக்கு அதைச் செய்துபார்த்தார். வழி திறந்தது. ஆனால் சில வாரங்களில் நோயாளி இறந்தார். அடைப்பை நீக்குவதற்காக முன்னரே கொடுத்திருந்த பாதரசம் குடலைப் பழுதாக்கியிருந்தது. 1793இல் பிரெஸ்ட் நகரில் துயுரே என்பவர் மலவாய் இல்லாமல் பிறந்த ஒரு குழந்தைக்கு இடது பக்கத்தில் வழி திறந்தார். அந்தக் குழந்தை வளர்ந்து 45 வயதுவரை வாழ்ந்தது.

புற்றுநோயை வேரோடு எடுக்கும் முயற்சி இருபதாம் நூற்றாண்டில் உருப்பெற்றது. இலண்டன் சத்திரவைத்தியர் ஏர்னஸ்ட் மைல்ஸ், தான் கீழ்வழியாகச் செய்த 57 ஒப்பரேஷன்களில் 54 பேருக்கு நோய் திரும்பி வந்ததைக் கண்டார். நோய் மேல்நோக்கியும் பரவுகிறது என்று விளங்கிக்கொண்டு, வயிற்று வழியாகவும் கீழ்வழியாகவும் ஒரேயடியாக எடுக்கும் முறையை 1908இல் வெளியிட்டார். அதன் விலை, வயிற்றில் நிரந்தரமான வழி. 1921இல் பாரிஸின் ஹென்றி ஹார்ட்மான் இன்னொரு முறையை அறிவித்தார். நோயுள்ள துண்டை எடுத்து, மேல் முனையை வயிற்றுக்குக் கொண்டுவந்து, கீழ் முனையை மூடிவிடுவது. அவசர நிலையில் இன்றும் உலகம் முழுக்கச் செய்யப்படுவது அதுதான்.

இந்தப் பெயர்கள் எல்லாப் பாடநூலிலும் உண்டு. ஆனால் ஒரு கேள்விக்கு அந்த நூல்களில் அதிகம் இடமில்லை. ஒப்பரேஷன் முடிந்து எழும்பிப் போன மனிதர் அடுத்த நாள் காலையில் என்ன செய்தார்?

பையின் வரலாறு

பில்லோரின் நோயாளி ஒரு பஞ்சைப் பட்டியால் கட்டிவைத்திருந்தாராம். அதற்குப் பிறகு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் நிலைமை பெரிதாக மாறவில்லை. சீலைத் துண்டு, தோல் பை, தகர டப்பா, பிறகு றப்பர். ஒழுக்கும் நாற்றமும் வெந்துபோன தோலும் அவர்களுடைய அன்றாடம். வெளியே போகாமல் இருப்பதுதான் பெரும்பாலானோர் கண்ட தீர்வு.

அதை மாற்றியவர் ஒரு தாதி. டென்மார்க்கைச் சேர்ந்த எலிஸே ஸோரன்ஸன் என்பவரின் தங்கை தோராவுக்கு 32 வயதில் இந்த ஒப்பரேஷன் நடந்தது. மற்றவர்கள் முன்னே ஒழுகிவிடுமோ என்று பயந்து தங்கை வீட்டை விட்டு வெளிக்கிடவில்லை. 1954இல் எலிஸே, தோலில் ஒட்டக்கூடிய, பாவித்துவிட்டு எறியக்கூடிய ஒரு பிளாஸ்டிக் பையை யோசித்தார். பிளாஸ்டிக் உற்பத்தியாளர் ஒருவர் அதைச் செய்ய முதலில் தயங்கினார். அவருடைய மனைவியும் ஒரு தாதி. அவர்தான் இது எத்தனை பேருக்கு வாழ்வு என்று விளங்கவைத்தார். இன்று மாமாவின் வயிற்றில் ஒட்டியிருந்த பையின் பூர்வீகம் அந்தச் சகோதரியின் கவலைதான்.

அதே காலத்தில் அமெரிக்காவின் கிளீவ்லண்ட் கிளினிக்கில் ரூபர்ட் டர்ன்புல் என்ற சத்திரவைத்தியர், கராயா எனும் பிசினின் தூள் ஈரத்தில் தோலோடு ஒட்டி அதைக் காப்பாற்றுவதைக் கண்டார். கராயா இந்தியக் காட்டு மரமொன்றின் பிசின். அவரிடம் ஒப்பரேஷன் செய்துகொண்ட நோர்மா கில் என்ற பெண்மணியை அவர் 1958இல் வேலைக்கு அழைத்தார். நோர்மா தாதிப் படிப்புப் படித்தவரல்ல. ஆனால் வயிற்றில் வழியோடு பிள்ளைகளை வளர்த்து வாழ்ந்து காட்டிய ஒருவர் புது நோயாளியின் கட்டிலருகே நின்று 'எனக்கும் இருக்கிறது' என்று சொல்வது எந்த மருந்துக்கும் ஈடாகாது என்று டர்ன்புல் விளங்கியிருந்தார். 1961இல் இதற்கென்றே ஒரு பயிற்சிப் பள்ளி அங்கே தொடங்கியது. 1978இல் உருவான இத்துறைக்கான உலகப் பேரவையின் முதல் தலைவர் நோர்மாவே. நமது பக்கத்து நாட்டில் மும்பை டாட்டா நினைவு வைத்தியசாலை இந்தத் தாதிமையைக் கற்பித்து வருகிறது.

கணக்குப் பாருங்கள். பில்லோரிலிருந்து எலிஸே வரை 178 வருடங்கள். கத்தி முந்தி வந்தது. துடைக்கும் கை இவ்வளவு பிந்தி வந்தது.

தாதிமை என்பது எதை எல்லாம் பார்க்கும்?

நவீன தாதிமையின் தாய் என்று புளோரன்ஸ் நைட்டிங்கேலைச் சொல்வார்கள். காற்று, வெளிச்சம், சுத்தம், உணவு, நோயாளியின் மன அமைதி எல்லாமே தாதியின் பொறுப்பு என்று அவர் எழுதிய சிறுநூல் 1859இல் வந்தது. நூறு வருடம் கழித்து சிசிலி சாண்டர்ஸ், தாதியாக இருந்து பிறகு டொக்டரானவர், 'முழு வலி' என்ற எண்ணத்தை முன்வைத்தார். வலி உடம்பில் மட்டுமல்ல, மனதிலும் குடும்பத்திலும் ஆன்மாவிலும் இருக்கிறது, நான்கையும் பார்க்காமல் ஒன்றை ஆற்ற முடியாது என்பது அதன் சாரம். 1967இல் அவர் இலண்டனில் திறந்த ஹொஸ்பைஸ் அந்த எண்ணத்தில் எழுந்தது. இன்று முழுமையான தாதிமை என்று சொல்லப்படுவது இதைத்தான்.

இதை வெளியிலிருந்து வந்த புதுமையாக நாம் பார்க்க வேண்டியதில்லை. ஹிஜ்ரி 5இல் நடந்த அகழ் யுத்தத்தில் ஸஃது இப்னு முஆத் (ரழி) அம்புபட்டு இரத்த நாளம் அறுபட்டார். அவரை வைத்துப் பராமரிக்க மஸ்ஜிதுன் நபவியின் வளவிலேயே கூடாரம் போடப்பட்டது. அருகே இருந்து நலம் விசாரிக்கலாம் என்பதற்காக நபி (ஸல்) அவர்கள் அவ்வாறு ஏற்பாடு செய்தார்கள். காயத்துக்கு மருந்திட்டவர் ருஃபைதா (ரழி) என்ற பெண்மணி. ஸஃது (ரழி) அவர்களின் காயம் மறுபடி திறந்து இரத்தம் அடுத்த கூடாரம் வரை ஓடியதை ஸஹீஹுல் புகாரியில் காணலாம். இந்த இடத்தில்தான் என் மாமாவின் எட்டு மாதம் என்னை உறுத்தியது. இரத்தம் வடியும் மனிதரைப் பள்ளி தன் வளவுக்குள் வைத்திருந்தது. நமது ஊரில் ஒரு பை ஒட்டிய மனிதர் தன்னைத்தானே பள்ளியிலிருந்து விலக்கிக்கொண்டார். அவரைப் போகச் சொன்னவர் யாருமில்லை. வரச் சொன்னவரும் யாருமில்லை.

பிற்காலத்தில் பீமாரிஸ்தான்கள் வக்பு சொத்துகளில் நடந்தன. திமிஷ்கில் நூருத்தீன் கட்டியது 1154இல். கெய்ரோவில் கலாவூன் 1284இல் கட்டியது ஏழை, பணக்காரர், ஆண், பெண் என்ற பேதமின்றித் திறந்திருந்தது. நோயாளியைப் பராமரிக்கும் பணியாளரை வக்புச் செலவில் நியமித்த சமூகம் நாம்.

தமிழிலும் இதற்கு ஒரு முன்வரலாறு உண்டு. அமெரிக்க மிஷனரி வைத்தியர் சாமுவேல் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் வைத்தியம் கற்பித்தார். பிறகு தமிழிலேயே கற்பித்து, மாணவர்களோடு சேர்ந்து மேலைநாட்டு நூல்களைத் தமிழாக்கினார். சத்திரவைத்தியத்துக்கு 'இரண வைத்தியம்' என்று பெயர் வைத்தார். நோயாளிக்கு விளங்கும் மொழியில் பேசாத வைத்தியம் அரைவாசி வைத்தியம்தான் என்பதை நூற்றைம்பது வருடங்களுக்கு முன்னே உணர்ந்தவர் அவர்.

கட்டிலருகே நடப்பவை

முழுமையான தாதிமை என்றால் நடைமுறையில் என்ன? மாமாவுக்குச் சொல்லப்படாதவற்றை இங்கே எழுதிவிடுகிறேன்.

வேலை ஒப்பரேஷனுக்கு முன்பே தொடங்குகிறது. வழி எங்கே வரவேண்டும் என்று தாதி வயிற்றில் அடையாளமிட வேண்டும். நோயாளியைப் படுக்கவைத்து மட்டுமல்ல, உட்காரவைத்து, நிற்கவைத்து, குனியவைத்துப் பார்க்க வேண்டும். சாரன் கட்டும் இடம், தோல் மடியும் இடம், பழைய தழும்பு ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். நம்மவருக்கு ருகூவிலும் ஸுஜூதிலும் வயிறு எப்படி மடிகிறது என்று பார்ப்பதும் இதில் சேரும். பேனையால் போடும் இந்தச் சின்னப் புள்ளி அடுத்த இருபது வருட நிம்மதியைத் தீர்மானிக்கலாம்.

ஒப்பரேஷனுக்குப் பின்னே, காற்றுப் பிரியும்வரை பட்டினி போடும் வழக்கம் நெடுநாள் இருந்தது. கோப்பன்ஹேகனைச் சேர்ந்த ஹென்றிக் கேலெட் 1990களில் அதைக் கேள்வி கேட்டார். வலியை நன்றாகக் கட்டுப்படுத்தி, நேரத்தோடு நீராகாரம் கொடுத்து, அடுத்த நாளே எழுப்பி நடக்கவைத்தால் குடல் சீக்கிரம் இயங்குகிறது, நெஞ்சுச் சளியும் காலில் இரத்தம் உறைவதும் குறைகிறது என்று காட்டினார். நடக்கவைப்பதும் மூச்சை ஆழமாக இழுக்கவைப்பதும் தாதியின் கையில்தான் இருக்கின்றன.

புதிதாக வந்த வழி வாயின் உட்பக்கம் போலச் சிவந்து ஈரமாக இருக்க வேண்டும். தொட்டால் நோகாது, அதில் அந்த உணர்வு நரம்பு இல்லை. கழுவும்போது துளி இரத்தம் கசிவது வழமை. கறுத்துப்போனாலோ, உள்ளே இறங்கினாலோ, வயிறு ஊதி ஒன்றும் போகாமல் வாந்தி வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஆரம்பத்தில் வீங்கியிருக்கும். ஆறு முதல் எட்டு வாரங்களில் சுருங்கும். ஆகையால் அடிக்கடி அளந்து, ஒட்டும் தகட்டில் வழியைவிட இரண்டு மூன்று மில்லிமீற்றர் மட்டும் பெரிதாக ஓட்டை வெட்ட வேண்டும். பெரிதாக வெட்டினால் மலம் தோலில் பட்டு வெந்துபோகும். பை மூன்றில் ஒரு பங்கு நிரம்பியதும் காலி செய்ய வேண்டும். கழுவச் சாதாரணத் தண்ணீர் போதும். டெட்டோல் வேண்டாம், எண்ணெய் வேண்டாம். எண்ணெய் பட்டால் தகடு ஒட்டாது. உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் சுத்திகரிக்கப்பட்டு மட்டக்களப்பு நகரத்துக்குக் குழாயில் வருகிறது. இந்த நோயாளிக்கு அந்தக் குழாய்த் தண்ணீரும் ஒரு மருந்துதான்.

சாப்பாடு கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை. முதல் வாரங்களில் தும்பு குறைந்த குழைந்த சோறு, கஞ்சி, முள்ளெடுத்த மீன், முட்டை. பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்கலாம். வெங்காயமும் முட்டையும் சிலருக்கு நாற்றத்தைக் கூட்டும். நமது எருமைத் தயிர் பலருக்கு அதைக் குறைக்கும். பாரம் தூக்குவதுதான் வயல்காரருக்குப் பெரிய சோதனை. எட்டு வாரமளவு நெல்மூடையைத் தொடக்கூடாது. பிறகும் கவனம் வேண்டும், இல்லாவிட்டால் வழிக்குப் பக்கத்தால் குடல் பிதுங்கும். சிலருக்கு இந்த வழி தற்காலிகமானது, சில மாதங்களில் மூடிவிடுவார்கள். எது என்பதை முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கிளினிக் திகதிகளைத் தவறவிடக்கூடாது.

நமது வீடும் நமது பள்ளியும்

இவ்வளவும் உடம்புக்கு. மீதி வீட்டில் இருக்கிறது. மட்டக்களப்பு முஸ்லிம்களின் வழமையில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வந்து வாழ்கிறார். ஒரே வளவில் மாமியார், மச்சினிமார், அவர்களின் மாப்பிள்ளைமார். இந்த அமைப்பு நோயாளிக்குப் பெரிய பலம், பத்துப் பேரின் கை உதவிக்கு உண்டு. அதுவே சுமையும்தான். பத்துப் பேரின் மூக்கும் கண்ணும் உண்டு. மாமாவுக்கு மாமியாரின் முன்னே பை சத்தமிடுமோ என்ற பயம் சாவுப் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. முழுக் கவனிப்பும் மாமியின் தலையில் விழுந்தது. அவர் களைத்துப்போவதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. நோயாளியோடு சேர்த்து அவரைக் கவனிப்பவருக்கும் கற்றுக்கொடுப்பது, கணவன் மனைவிக்கிடையே வரும் கூச்சத்தைப் பற்றித் தனியே பேசுவது, இவையும் தாதிமைதான்.

தொழுகையின் கேள்விக்கு வருவோம். ஃபாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரழி) என்ற பெண்மணி, தனக்கு உதிரம் நிற்காமல் போகிறது, தொழுகையை விட்டுவிடவா என்று நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார். விட வேண்டாம், ஒவ்வொரு தொழுகைக்கும் வுழூச் செய்துகொள் என்பது அவருக்குக் கிடைத்த வழிகாட்டலின் கருத்து. அந்த ஒரு பெண்ணின் கேள்வியிலிருந்துதான் சிறுநீர், காற்று, மலம் என எதையும் அடக்க முடியாத நோயாளிக்கான ஃபிக்ஹ் சட்டம் விரிந்தது. நாம் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில், தொழுகை நேரம் வந்தபின் சுத்தம் செய்து, வுழூச் செய்து, தாமதியாமல் அந்தப் பர்ழைத் தொழ வேண்டும். அடுத்த பர்ழுக்கு மறுபடி வுழூ. இடையில் தன் சக்தியை மீறி வெளியாவது மன்னிக்கப்படுகிறது. நோன்பைப் பொறுத்தவரை, சிறுகுடலில் வழி திறக்கப்பட்டவருக்கு நீர்ச்சத்து ஆபத்தான அளவுக்குக் குறையலாம். அவர் டொக்டரைக் கேட்காமல் நோன்பு பிடிக்கக்கூடாது.

அந்தச் சட்டம் நமது மதரஸாக்களில் நூற்றாண்டுகளாக ஓதப்படுகிறது. மாமா இருந்த திண்ணைக்கும் பள்ளிக்கும் இடையே நூறு யார்தான். அந்த நூறு யாரை அது கடக்கவில்லை.

கடக்கவைத்தவர் கிளினிக்கில் இருந்த ஒரு தமிழ்த் தாதி. "ஐயா ஏன் இப்பிடி மெலிஞ்சு போறீங்க?" என்று கேட்டு, விசயத்தை மெல்லக் கறந்தார். "எனக்கு உங்கட மார்க்கம் தெரியாது. ஆனா இந்தப் பையோட பள்ளிக்குப் போற ரெண்டு மூண்டு பேரைக் கண்டிருக்கன். உங்கட மௌலவிட்டக் கேளுங்கோ" என்றார். மாமா அன்று பின்னேரமே கேட்டார். அடுத்த வெள்ளி ஜும்ஆவுக்குப் போனார். கடைசி ஸஃப்பில், வாசலுக்குப் பக்கத்தில்.

பெருங்குடற் புற்றுநோய் இன்று நமது நாட்டில் ஆண் பெண் இருபாலாரிடமும் அதிகம் காணப்படும் புற்றுநோய்களில் ஒன்று. இனி வரப்போகிறவர்கள் நமது வளவுகளிலேயே இருக்கிறார்கள். மட்டக்களப்பில் தாதியர் பயிற்சிக் கல்லூரி உண்டு, கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தாதிமைப் பட்டப்படிப்பு உண்டு. நமது பெண்பிள்ளைகளும் ஆண்பிள்ளைகளும் அங்கே போக வேண்டும். போகிறவர்களுக்கு இந்தத் தனித்துறையின் பயிற்சி கிடைக்க ஊர் நிறுவனங்கள் உதவ வேண்டும். பைகளின் விலை ஒரு கூலிக்காரருக்குத் தாங்காது, ஸகாத் நிதி அதைப் பார்க்கலாம். பள்ளிகளின் மலசலகூடங்களில் ஒன்றிலாவது கைக்கெட்டும் குழாயும், சட்டையைக் கொழுவ ஒரு கொக்கியும், மூடியுள்ள குப்பைவாளியும் இருக்கட்டும். வருடத்தில் ஒரு குத்பாவிலாவது நோயாளியின் தொழுகையைப் பற்றிப் பேசப்படட்டும். மலத்தில் இரத்தம் கண்டால் மூலம் என்று நாமே முடிவுகட்டாமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்பதையும் அங்கேயே சொல்லலாம்.

மாமா இப்போது இல்லை. அந்த ஒப்பரேஷனுக்குப் பின் அவர் ஆறு பெரும்போகம் கண்டார். முதலாவதை மட்டும் திண்ணையிலிருந்தே கண்டார். அந்த ஒரு போகத்தை அவரிடமிருந்து எடுத்தது நோயல்ல, நமது மௌனம்.